முதலில் ஸ எங்கே என்று சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

லேப்டாப்பிலும் போனிலும் பாட்டு செய்கிறவர்களின் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாளையங்கோட்டை, சங்கரன்கோவில், வள்ளியூர், நாசரேத் என்று எல்லாம் நம்ம சீமைக் கடிதங்கள்தான். கேள்விகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. எந்த இடம் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் பீட் போட்டுக்கொண்டிருக்கிறேன். மியூசிக் தியரி படித்தே ஆக வேண்டுமா? பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டம் கட்டமாக வைக்கும் திரை) ஸ்கேல் ஹைலைட் போட்டுக்கொண்டால் தப்பான நோட்டே விழாதே? – கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: விழாது தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஹைலைட் உங்களுக்குச் சொல்வது எந்த ஏழு நோட்டில் கை வைக்கலாம் என்பதை மட்டும்தான். அந்த ஏழில் எது ஸ (பாட்டுக்கு ஆதாரமான முதல் ஸ்வரம்), எதில் போய் நின்றால் பாட்டு முடிந்த மாதிரி இருக்கும், எதில் நின்றால் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும் என்பதை அது சொல்லாது. சி மேஜர் என்று போடுங்கள், ஏ மைனர் என்று போடுங்கள், திரையில் தெரிவது அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். பிறகு எப்படி ஒன்று மேஜர், இன்னொன்று மைனர்?

ஒரு காரியம் செய்யுங்கள். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டு நாலு பாருக்கு, அதாவது நாலு தாளச் சுற்றுக்கு, ஒரு மெட்டு போடுங்கள், எப்படி வேண்டுமானாலும். அதற்குக் கீழே எஃப் ஷார்ப்பில் ஒரு பேஸ் நோட்டை நீளமாக இழுத்து விடுங்கள். மோகன ராகம் கேட்கும். இப்போது மெட்டில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாமல் பேஸை மட்டும் ஜி ஷார்ப்புக்கு மாற்றுங்கள், மத்யமாவதி. ஏ ஷார்ப்புக்கு மாற்றினால் ஹிந்தோளம், சி ஷார்ப்பில் சுத்த சாவேரி, டி ஷார்ப்பில் சுத்த தன்யாசி. அதே ஐந்து நோட்டுதான், ஸ நகர்ந்ததும் ஆளே மாறிவிடுகிறது. கர்நாடக இசையில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர், மேற்கில் மோட் என்று பாடம் நடத்துவார்கள். (ராகம் என்பது வெறும் நோட்டுப் பட்டியல் இல்லை, பிடிப்பும் ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் சேர்ந்ததுதான் என்பது எனக்கும் தெரியும், வித்வான்கள் சண்டைக்கு வர வேண்டாம். மெட்டும் பேஸ் நிற்கும் நோட்டிலேயே போய் முடிந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.)

தியரி என்று தொடக்கத்தில் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு ஸ்தாயிக்குள் (ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை) 12 படி இருக்கிறது, ஸவிலிருந்து எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்று எண்ணத் தெரிய வேண்டும். ஸ்வரத்தின் பக்கத்து எண் அதன் வகையைக் குறிக்கும். ரி2 இரண்டாம் படி, க3 நாலு, ம1 ஐந்து, ப ஏழு, த2 ஒன்பது, நி3 பதினொன்று. இது சங்கராபரணம், இதேதான் மேஜர் ஸ்கேல். க, த, நி மூன்றையும் ஒவ்வொரு படி இறக்குங்கள், நடபைரவி, அதாவது நேச்சுரல் மைனர். அதில் நியை மட்டும் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டால் கீரவாணி, ஹார்மோனிக் மைனர் என்பது அதுதான். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, இந்த மூன்றும் விரலுக்கு வந்தாலே ஒரு வருஷத்துக்கான வேலை இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவில் பாடுகிற அக்கா "எனக்கு அஞ்சரைக் கட்டை" என்கிறார். என் ட்ராக் சி மேஜரில் இருக்கிறது. அஞ்சரைக் கட்டை என்றால் என்ன? – சங்கரன்கோவில்

பதில்: ஆர்மோனியக் கணக்கு. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள்தான் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் கிடையாது, ஏனென்றால் அங்கே கறுப்புக் கட்டையே இல்லை. அக்காவின் ஸ ஜி ஷார்ப். உங்கள் ட்ராக்கை நாலு படி இறக்கினால் அவருக்குச் சரியாக இருக்கும். ட்ரம்ஸ் ட்ராக்கையும் சேர்த்து இறக்கிவிடாதீர்கள், கிக் (பெரிய ட்ரம் அடி) இருக்கும் இடத்தில் வேறு ஏதாவது ஓசை வந்து நிற்கும்.

இன்னொரு குழப்பமும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பியானோவின் நடு சி மிடியில் (மென்பொருள்கள் நோட்டைக் குறிக்கும் முறை) 60ஆம் எண். அதை எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்று காட்டும், ஏபிள்டன் என்ற மென்பொருள் சி3 என்று காட்டும். நண்பர் சொன்ன நோட்டு ஒரு ஸ்தாயி தள்ளிக் கேட்டால் பயப்படாதீர்கள்.

கேள்வி: மோகனத்தில் ஒரு மெட்டு போட்டேன், தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. யூடியூபில் சொன்ன மாதிரி சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று கார்டு வைத்தேன். உடனே ஏதோ ஆங்கிலப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு? – அம்பாசமுத்திரம்

பதில்: நல்ல காது உங்களுக்கு. தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சியை ஸ ஆக வைத்தால் மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் சி, டி, ஈ, ஜி, ஏ. கார்டு என்பது ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று நோட்டை அடுக்குவது. அந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுசாகக் கட்டக்கூடிய மேஜர், மைனர் கார்டுகள் இரண்டே இரண்டுதான்: சி, ஈ, ஜி சேர்ந்த சி மேஜர், ஏ, சி, ஈ சேர்ந்த ஏ மைனர். நீங்கள் ஜி மேஜர் போட்டதும் பி உள்ளே வந்தது, அது காகலி நிஷாதம், அதாவது நி3. எஃப் மேஜர் போட்டதும் சுத்த மத்யமம், அதாவது ம1, வந்தது. மெட்டு மோகனத்தில் இருக்கிறது, கீழே கார்டுகள் சங்கராபரணத்தை வாசித்துக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஆங்கிலப் பாட்டு மாதிரி கேட்டதற்கு இதுதான் காரணம். டி மைனரிலும் எஃப் இருக்கிறது, ஈ மைனரிலும் பி இருக்கிறது, ஆக அந்தப் பக்கம் ஓடியும் தப்பிக்க முடியாது.

வழி என்ன? கார்டின் நடு நோட்டை எடுத்துவிடுவது முதல் வழி. ஜி, டி மட்டும் வாசியுங்கள். டி, ஏ மட்டும் வாசியுங்கள். ஸ–ப உறவு மட்டும் மிஞ்சும், ராகத்துக்குச் சேதம் இல்லை. அது வெறுமையாக இருக்கிறது என்று தோன்றினால் நடு நோட்டுக்குப் பதிலாக ராகத்துக்குள் இருக்கிற பக்கத்து நோட்டை வையுங்கள்: ஜி, சி, டி. அல்லது டி, ஜி, ஏ. இதைத்தான் சஸ் கார்டு என்கிறார்கள், பெயருக்குப் பயந்து நிறைய பேர் தொடுவதில்லை. எனக்குப் பிடித்தது இன்னொன்று. கார்டையே வைக்காமல் சியையும் ஜியையும் தம்புரா மாதிரி விட்டுவிட்டு பேஸை மட்டும் சி, ஏ, ஜி, டி என்று நடக்க விடுவது. கேட்கிறவருக்குக் கார்டு மாறுகிற மாதிரியே இருக்கும்.

இதெல்லாம் கைக்கு வந்தபிறகு, சரணத்தில் ஒரே ஒரு இடத்தில், வேண்டுமென்றே அந்த எஃப் மேஜரை வைத்துப் பாருங்கள். அதுவரை வராத ஒரு ஸ்வரம் அங்கே வரும்போது எப்படித் திறந்துகொள்கிறது என்று தெரியும். தெரியாமல் எட்டு பாருக்கு இரண்டு தரம் வைத்தால் அந்த மதிப்பு போய்விடும்.

கேள்வி: மைனர் என்றாலே சோகம்தானா? – தென்காசி

பதில்: மைனரில் எத்தனை குத்துப்பாட்டு இருக்கிறது, கேட்டதில்லையா? வேகம், ஸ்தாயி, பாடுகிற குரல் எல்லாம் சேர்ந்துதான் சோகம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோவில் கொடையில் நையாண்டி மேளத்தைப் போனில் பதிவு செய்தேன். அதை வெட்டி லூப் போடலாம் என்று 4/4, 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வைத்துப் பார்த்தால் எந்த அடியும் கிரிட்டில் (திரையின் கட்டங்களில்) உட்காரவில்லை. தவில்காரரைக் கேட்டால் "தகிட தகிட" என்று சொல்லிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். – வள்ளியூர் பக்கம் ஒரு கிராமம்

பதில்: அவர் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், நீங்கள் கவனிக்கவில்லை! தகிட என்றால் மூன்று. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிறது, திஸ்ர நடை. உங்கள் கிரிட் ஒவ்வொரு அடியையும் தகதிமி என்று நாலாகப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மூன்று எங்கே நாலில் உட்காரும்? காவடிச்சிந்திலும் பெரும்பாலும் இந்த மூன்றின் துள்ளல்தான், நம்ம காதுக்குப் பழகியது, மென்பொருளைத் திறந்தால் வருவது நாலு.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 4/4 ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஸ்னாப்பை (நோட்டு ஒட்டும் கட்டத்தின் அளவை) மட்டும் ட்ரிப்லெட்டுக்கு, அதாவது மூன்றுக்கு, மாற்றுவது. இன்னொன்று 6/8 என்று மாற்றுவது. இரண்டாவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அங்கேதான் பலரும் விழுவார்கள்: பெரும்பாலான மென்பொருள்கள் பிபிஎம் என்று எண்ணுவது குவார்ட்டர் நோட்டை (4/4இல் ஒரு அடி), ஆனால் 6/8இல் உங்கள் பாதம் தட்டுவது அதைப் போல ஒன்றரை மடங்கு நீளமான அடியை. பாதம் நிமிடத்துக்கு 100 தட்டினால் பிபிஎம்மில் 150 என்று போட வேண்டும். எக்கோ வைக்கும்போதும் இதே கணக்குதான். 60,000ஐ நிமிட அடியால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும், 100க்கு 600. அதை மூன்றால் வகுத்து 200இல் எக்கோவை வைத்தால் தகிடவோடு ஒட்டிக்கொண்டு போகும். 150 மில்லிசெகண்டில் வைத்தால் மேளத்தோடு சண்டை போடும்.

சரி, இதையெல்லாம் செய்தபிறகும் கொஞ்ச நேரத்தில் விலகும், ஏனென்றால் கொடையில் யாரும் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு அடிப்பதில்லை. சாமி இறங்குகிற நேரம் வேகம் ஏறத்தான் செய்யும், ஏறவில்லை என்றால் மேளக்காரரை ஊரே திட்டும். தொடக்கத்தில் 100இல் இருந்தது கடைசியில் 130க்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பதிவைப் பிடித்து இழுத்து ஒரே வேகத்தில் நீட்டாதீர்கள், தவிலின் ஓசையே ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியையும் குறித்துக்கொண்டு டெம்போ மேப் (இடத்துக்கு இடம் மாறும் வேகக் கணக்கு) போட்டு உங்கள் கிரிட்டை அவர் பின்னால் போக விடுங்கள். அதற்குப் பொறுமை இல்லை என்றால் வேகம் மாறாத ஒரு சின்னத் துண்டை, இரண்டு சுற்றோ நாலு சுற்றோ, வெட்டி எடுத்து லூப் செய்யுங்கள். அடிகளைக் கட்டத்தில் தானாக நேராக்கும் குவாண்டைஸ் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தரம் யோசிக்கவும். அந்த அடி கொஞ்சம் முந்தி விழுவதால்தான் அதற்கு உயிர்.

மிஸ்ர சாபு, கண்ட சாபு என்று போனால் 7/8, 5/8. உள்ளே 3+4, 2+3 என்று பிரித்து எண்ணிப் பழகுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சிறு வயதிலிருந்து ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். பியானோ தெரியாது. கார்டு என்னவென்றே புரியவில்லை. – நாசரேத்

பதில்: தங்கச்சி, வருஷக்கணக்காக கார்டுக்குள் நின்றுதான் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் நாலும் ஒரே நேரத்தில் நிற்கிற இடம்தான் கார்டு. கடைசியில் "ஆமென்" என்று இழுத்து முடிப்பீர்களே, அது எஃப் மேஜரிலிருந்து சி மேஜருக்கு வருவது, அதாவது ம-வில் நின்ற கார்டு ஸ-வுக்கு இறங்குவது. அதில் சி பாடுகிறவர் அசையவே மாட்டார், எஃப் பாடுகிறவர் ஒரு படி இறங்கி ஈ-க்கு வருவார், ஏ பாடுகிறவர் ஜி-க்கு வருவார்.

புதிதாக ட்ராக் செய்கிறவர்கள் கார்டை மொத்தமாகத் தூக்கி ஏணி மாதிரி மேலே கீழே வைப்பார்கள், அதனால்தான் அது பொம்மை கீபோர்டு மாதிரி கேட்கிறது. நீங்கள் ஆல்டோ புத்தியோடு வையுங்கள். சி, ஈ, ஜி. அடுத்தது சி, எஃப், ஏ. அடுத்தது பி, டி, ஜி. இரண்டாவதும் மூன்றாவதும் எஃப் மேஜர், ஜி மேஜர்தான், நோட்டுகளின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. விரலும் அதிகம் நகராது, காதுக்கும் சுகம். இதற்கு இன்வர்ஷன் என்று பெயர், பெயர் மறந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: என் மாமா நாதஸ்வரம் வாசித்ததைப் பதிவு செய்து அதற்குக் கீழே பேட் சவுண்ட் (நீளமாக நிற்கும் கீபோர்டு ஓசை) வைத்தேன். ஒட்டவே இல்லை. நாதஸ்வரத்துக்கு ஆட்டோட்யூன் (சுருதியைத் தானாகத் திருத்துவது) போடலாமா? – சேரன்மகாதேவி

பதில்: நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தின் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது!

நாதஸ்வரத்தை விட்டுவிடுங்கள், உங்கள் சிந்தசைசரை நகர்த்துங்கள். சிந்தசைசர் ஏ நோட்டை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து சமமாகப் பங்கு போட்டிருக்கிறது. மாமாவின் நாதஸ்வரத்துக்கு அந்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில்கூட நிற்கலாம். ஒரு படியை 100 சென்ட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ட்யூனர் ஒன்றைத் திறந்து அவர் ஸ-வில் நீளமாக நிற்கிற இடத்தைக் காட்டுங்கள், "டி, கூட்டல் 35 சென்ட்" என்பது போல ஏதாவது காட்டும். அந்த அளவுக்கு மற்ற எல்லா வாத்தியத்தையும் ஏற்றுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிச் சிக்கல் கொஞ்சம் ஆழமானது. சுருதியோடு இழைந்து நிற்கிற அந்தர காந்தாரம், அதாவது க3, ஸவிலிருந்து ஏறத்தாழ 386 சென்ட்டில் இருக்கும், 5க்கு 4 என்ற விகிதம். கீபோர்டின் காந்தாரம் 400. அந்த 14 சென்ட் வித்தியாசம்தான் நீளமாக நிற்கும்போது உறுத்துகிறது. பஞ்சமத்தில் 702க்கு 700, அது காதுக்கே தெரியாது. ஆகவே பேட்டில் ஸவும் பவும் மட்டும் வைத்துக் காந்தாரத்தை மாமாவிடமே விட்டுவிடுங்கள்.

இந்தப் பங்கீட்டுச் சண்டை நம்ம சீமைக்குப் பழையது. சுரண்டைப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதாடி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்று ஒரு பெரிய நூலையே எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் தியரி என்றால் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் அந்த நூலைக் கையில் தூக்கியாவது பார்க்க வேண்டும்.

கீபோர்டிலேயே கமகம் வாசிக்க நினைத்தால் பிட்ச் பெண்டின் (நோட்டை வளைக்கும் சக்கரம்) எல்லை பெரும்பாலும் மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி என்றுதான் இருக்கும். அதை 12க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாட்டில் கீழே எல்லாம் குழம்பிப் போய்க் கேட்கிறது. ஈக்யூ (ஓசையின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) எவ்வளவோ போட்டுப் பார்த்துவிட்டேன். – கடையநல்லூர்

பதில்: ஈக்யூவை மூடிவிட்டு நோட்டைப் பாருங்கள். பேஸ் இருக்கிற ஸ்தாயியிலேயே முழுக் கார்டையும் வைத்திருப்பீர்கள். சி, ஈ, ஜி மூன்றையும் 65, 82, 98 ஹெர்ட்ஸில் வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று மிதிக்கும். கீழே ஸ மட்டும் போதும், வேண்டுமானால் ப. காந்தாரத்தை 200 ஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோங்கள்.

கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். இரண்டு மகுடம் (தோல் கொட்டு), ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றி அந்த இரண்டையும் விலக்கி வைப்பார்கள், அதனால்தான் இரண்டு பேர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் யார் என்ன அடிக்கிறார் என்று தனித்தனியாகக் கேட்கிறது. உங்கள் கிக்கையும் பேஸையும் அப்படி விலக்குங்கள், கிக்கின் ஓசையைப் பாட்டின் ஸ-வுக்கோ ப-வுக்கோ நகர்த்திப் பாருங்கள். அப்புறம் கோவில் மைக் செட் குழாயிலும் போன் ஸ்பீக்கரிலும் 65 ஹெர்ட்ஸ் வரவே வராது, அதைக் கேட்டு பேஸைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

கேள்வி: பாட்டு வகுப்பில் சேரவா, கீபோர்டு கிரேடு தேர்வு எழுதவா? – திருநெல்வேலி ஜங்ஷன்

பதில்: கிரேடு எழுதினால் நொட்டேஷன் படிக்க வரும், கெட்டுப்போகாது. என்னைக் கேட்டால் பக்கத்துத் தெருவில் யாராவது சரளி வரிசை சொல்லிக்கொடுத்தால் முதலில் அங்கே போங்கள். ஸ மாறாமல் நிற்கப் பழகுவீர்கள், மூன்று காலத்தில் பாடும்போது ஒன்று, இரண்டு, நாலு என்று அடியைப் பிரிக்கத் தானாகவே வரும், அதுதான் உங்கள் கிரிட்டில் இருக்கிற குவார்ட்டர், எய்த், சிக்ஸ்டீன்த். முழுநேரமாகப் படிக்க ஆசை இருந்தால் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது, குரலிசை, நாதஸ்வரம், தவில் எல்லாம் உண்டு.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. – திசையன்விளை

பதில்: போதும். பேண்ட்லேப் ஆப் இலவசம், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட். பின்னால் லேப்டாப் கிடைத்தால் எல்எம்எம்எஸ் இலவசமாகவே இருக்கிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் ட்ரையலில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது, ஆகவே அன்றன்று செய்ததை ஆடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டு தட்டாதீர்கள், தட்டியது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம் என்று தாமதம் ஆகும், உங்களுக்கே தாளம் வரவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். வயர் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைந்ததாக இருந்தாலும் சரி.